கத்திக்குக் காது குத்தினது

ஏழு வருஷமாக இதை எழுதாமல் இருந்தேன். எழுத வேண்டும் என்று இரண்டு தடவை நோட்டு வாங்கினேன். ஒன்றில் மகள் கணக்குப் போட்டாள். இன்னொன்றில் வீட்டுக்காரி கோயிலில் பாடுகிற பாட்டுகளை எழுதி வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், நோட்டு கைவிட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வடசேரியில் தரையில் விரித்துப் போட்டு விற்கிற ஒரு மடக்குக்கத்தியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? இது ஒரு தயக்கம். இதைவிடப் பெரிய தயக்கம், கத்தியைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பது. இப்போது அந்தத் தயக்கம் போய்விட்டது. அந்தக் கத்தியை நல்ல கத்தி ஆக்கினது நான். அதற்கு முன்னால் அதைக் கெட்ட கத்தி ஆக்கினதும் நான்தான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு பேச்சிப்பாறை போகிற வழியில் இருக்கிறது. வீட்டை ஒட்டிய சின்ன இடத்தில் ரப்பர் நாற்றுப் போடுகிறோம். விதை முளைத்து, தண்டு பென்சில் கனம் வந்ததும் அதில் ஒட்டுக் கட்ட வேண்டும். நாற்றின் தோலை மூன்று பக்கம் கீறிக் கதவு மாதிரித் திறந்து, நல்ல பால் தருகிற வேறு மரத்தின் முளைக்கண் ஒன்றைத் தோலோடு பெயர்த்து உள்ளே வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்து நாடாவைப் பிரித்தால் பிடித்த கண் பச்சையாக இருக்கும், பிடிக்காத கண் கறுத்திருக்கும்.

பையில் மண் நிரப்புவது, தண்ணீர் விடுவது, நாடா சுற்றுவது இதெல்லாம் என் வேலை. வெட்டுவது வீட்டுக்காரியின் வேலை. கல்யாணம் ஆன புதிதில் நான்தான் வெட்டினேன். ஒரு நாள் என் கையில் இருந்த கத்தியை வாங்கி, "நீங்க வெட்டுகது சக்கைக்கு, இது ரப்பருக்கு" என்றாள். சக்கை என்றால் எங்கள் பக்கம் பலாப்பழம். அதோடு கத்தி கை மாறிவிட்டது. அவள் வெட்டிய நாற்றில் கறுத்துப் போவது அபூர்வம். மற்ற நாற்றுக்காரர்கள் அவளைக் கூட்டிப்போக வண்டி அனுப்புவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

கத்தி எப்போதும் மடக்குக்கத்திதான். ஒட்டுக் கட்டுவதற்கென்று தனியாகக் கத்தி விற்கிறார்கள். ஆனால் அது விலை கூடியது, கீழே விழுந்தால் சருகுக்குள் காணாமல் போய்விடும். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சீப்பு, பூட்டு, நகவெட்டி, டார்ச் எல்லாம் பரப்பி வைத்திருக்கும் ஒருவரிடம் இந்தக் கத்தி கிடைக்கும். மரக்கலரில் பிளாஸ்டிக் பிடி. பிடியின் முதுகில் ஒரு இரும்புப் பட்டை ஸ்பிரிங் போல இருக்கும். அலகை முழுக்கத் திறந்ததும் அந்தப் பட்டை அலகின் அடியில் டப்பென்று உட்காரும். கத்தி தானாக மடங்காமல் பிடித்துக்கொள்வது அது ஒன்றுதான்.

கஷ்டம் எங்கே என்றால் ரப்பர் பாலில். தோலைக் கீறினால் பால் வடியும். அது அலகில் ஒழுகி, பிடிக்குள் இறங்கி, அங்கே உறைந்து ரப்பராகிவிடும். பிறகு கத்தியைத் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். அவளுக்குப் பெருவிரல் நகம் இரண்டு தடவை பிளந்திருக்கிறது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

இடவப்பாதி, அதாவது வைகாசி நடுவில் தொடங்குகிற மழைக்காலம். நாலு நாள் விடாமல் மழை. தோல் நனைந்திருந்தால் ஒட்டுக் கட்ட முடியாது. கண் எடுப்பதற்காக வெட்டிக் கொண்டுவந்த ஒட்டுக்கம்புகள் ஈரச் சாக்கில் சுற்றிக் கிடந்தன. இன்னும் ஒரு நாள் போனால் வீண். ஐந்தாம் நாள் விடியும்போது மழை விட்டிருந்தது. அவள் அடுப்பங்கரையில் நின்றாள். நான் வராந்தாவில் கத்தியைத் திறந்து பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நேற்றும் அவள் நகம் வலிக்கிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீல், தையல் மெஷின், பூட்டு, மோதிரம் மாட்டிய விரல், எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. தலைக்கு வைத்திருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து, கத்தியின் மூட்டில் ஏழெட்டுச் சொட்டு விட்டு, பத்து இருபது தடவை திறந்து மூடினேன். வெண்ணெயாக ஓடியது. துடைத்து அவள் கூடையில் வைத்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவளே திறந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

பிறகு காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் அது தவறாது. நான் வேதம் வாசிப்பேன், அவள் ஜெபிப்பாள், நானும் மகளும் ஆமென் சொல்லுவோம். அன்றைக்கு நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வெயில் முகம் காட்டியது. அவள் இரண்டு தடவை வாசலைப் பார்த்தாள். மூன்றாவது தடவை, "ஆண்டவருக்குத் தெரியும், மழை திரும்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டு, ஜெபிக்காமலே எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினெட்டு வருஷத்தில் அது ஒரே ஒரு தடவை.

ஏழாவது நாற்றில் கத்தி மடங்கியது. அலகு அவளுடைய வலது கைச் சுட்டுவிரலின் நடு மூட்டில் இறங்கியது. நான் இரண்டு வரிசை தள்ளி நாடா சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. "இஞ்ச வாருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலே எனக்குப் போதுமாக இருந்தது. துண்டைக் கிழித்துச் சுற்றி, பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரலை மடக்குகிற நரம்பு அறுந்திருந்தது. நன்றாகத்தான் தைத்தார்கள். ஆனாலும் அந்த விரல் முழுவதும் மடங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியே ஆயிற்று.

மூன்றாம் நாள் சபையிலிருந்து பெண்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். அதில் மூத்தவர், எங்களுக்கு நல்லது நினைப்பவர்தான், விரலைத் தடவிக்கொண்டே எப்படி நடந்தது என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஜெபிக்காமல் எழுந்துபோனது உட்பட. அவர், "அதாம் மக்களே. பாதியில எந்திரிச்சா பாதியிலதான் நிக்கும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

நான் சாயாத் தட்டோடு கதவில் நின்றேன். இல்லை, நான் எண்ணெய் போட்டேன், அதனால்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அப்போது அது நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம்தான் என்று மனதுக்குள் ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். சாயாவைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை ஜெபத்தில் அவள் ஒரு வரி சேர்த்தாள். "அன்னைக்கு உம்முடைய பாதத்தை விட்டுப் பாதியில எந்திரிச்சுப் போன என்னை மன்னியும், ஆண்டவரே." நோயாளிகளுக்காக ஜெபித்த பிறகு, மகளுடைய படிப்புக்காக ஜெபிப்பதற்கு முன்னால் அந்த வரி வரும். மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. நாலு வருஷம் ஒரு நாள் தவறாமல் வந்தது. நானும் ஒரு நாள் தவறாமல் ஆமென் சொன்னேன்.

அவள் பிறகு கத்தியைத் தொடவில்லை. விரலால் முடியாது என்பது பாதிதான். "எனக்கு அந்த வேலைய வேண்டாம்னு காட்டியாச்சு" என்பாள். வெட்டுவதற்கு ஆள் வைத்தோம். கறுத்துப்போகிற கண்கள் கூடின. நாடாவைப் பிரிக்கிற அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் வரமாட்டாள்.

நான் கத்தியை எறியவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் மூட்டு ஆணியைத் தட்டி எடுத்து அக்கு அக்காகப் பிரித்தேன். முதுகுப் பட்டைக்கும் அலகின் அடிக்கும் நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரப்பர் உருண்டை இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவாயிற்று. அந்த உருண்டை இருக்கும்வரை அலகு முழுவதும் திறக்காது. முடி அளவு குறையும். பட்டை உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. திறந்த மாதிரி இருக்கும், ஆனால் திறந்ததல்ல. அத்தனை நாளும் அதை மடங்காமல் பிடித்துக்கொண்டிருந்தது உறைந்த பாலின் இறுக்கம்தான். நான் அதை எண்ணெய் விட்டு எடுத்துவிட்டேன்.

இனி சந்தேகம் என்ற சாக்கு இல்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெறும் கையோடு போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். மடங்காத ஒரு கத்தியைச் செய்து அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அது ஒத்திப்போடுகிற புத்திதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அதனால்தான் கத்தி கிடைத்தது.

முதலில் செய்தது வளையம். பழைய டிவி ஆன்டெனாக் குழாயில் ஒரு துண்டு அறுத்து, லேசாக நசுக்கி, பிடியில் மாட்டினேன். அலகைத் திறந்து வளையத்தை மேலே தள்ளினால் மடங்காது. மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் பால் உறைந்து வளையம் பிடியோடு ஒட்டிக்கொண்டது. கத்தியை மூடவே முடியவில்லை.

அடுத்தது ஆணிக்குப் பதில் போல்ட். கழற்றிக் கழுவலாமே என்று நினைத்தேன். வேலைக்கு நடுவே அதுவே கழன்றது. நட்டு நாற்றுப் பைக்குள் எங்கேயோ போய்விட்டது.

வளைகுடாவில் வேலை செய்கிற என் மச்சினன் லீவுக்கு வந்தபோது ஒரு வெளிநாட்டுக் கத்தி தந்தான். பூட்டு வைத்தது. கையில் பிடித்தாலே ராஜா மாதிரி இருக்கும். பால் அந்தப் பூட்டுக்குள்ளும் போய் உறைந்தது. விலை கூடினதாலே ரப்பர் பால் மரியாதை கொடுக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விடை கிடைத்த இடம் எங்கள் சபைக் கோயில். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு குழப்பம் அதில்தான் வந்தது. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைக்கு உதவியாக நான் ஜன்னல்களை அடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜன்னலில் தாழ்ப்பாள் கொண்டி துளைக்குள் இறங்கவில்லை. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. கையால் தட்டினேன், துரு என்று நினைத்தேன், எண்ணெய் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். கோயில்பிள்ளை வந்து ஜன்னலைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த ஒரு புளியமரக் குச்சியை எடுத்துப் போட்டார். மறுபடி அடைத்தார். கொண்டி தானாக இறங்கியது. "முழுசா அடையாம கொண்டி எப்படி எறங்கும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். முழுவதும் அடைந்தால்தான் கொண்டி இறங்கும். அப்படியானால் கத்தி முழுவதும் திறந்தால் மட்டும் இறங்குகிற ஒரு கொண்டி வைத்தால் என்ன? அலகை முழுக்கத் திறந்து வைத்து, பிடியின் இரண்டு பக்கத்தையும் நடுவில் இருக்கிற அலகின் அடியையும் சேர்த்து ஒரே துளை போட வேண்டும். அதில் ஒரு பின். பின் உள்ளே இருந்தால் கத்தி மடங்க வழியே இல்லை. உள்ளே உருண்டை இருந்தால் துளைகள் ஒரு நேருக்கு வராது, பின் போகாது. அப்போது கத்தியே சொல்லிவிடும், வெட்டாதே என்று. துளை வழியாக விளக்குமாற்று ஈர்க்கிலை விட்டு அழுக்கைத் தள்ளிவிடலாம். கொண்டியும் அதுவே, கழுவுகிற வழியும் அதுவே.

ஜங்ஷனில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிற ஆளிடம் போனேன். என் வயதுதான். வாய் மட்டும் இளையது. புதிதாக வாங்கின ஒரு வடசேரிக் கத்தியையும் மச்சினன் தந்த கத்தியையும் நீட்டி, இரண்டிலும் துளை போட வேண்டும் என்றேன். அவர் இரண்டையும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஓய், கத்திக்கா காது குத்தப் போறீரு?"

"ஆமா. குத்தும்."

"மாமன் மடி எங்க? மொட்டை அடிக்காண்டாமா?"

வேலை செய்கிற பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. காரியம் சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெளிநாட்டுக் கத்தியை முதலில் வைத்தார். இரண்டு துளைக்கம்பி முறிந்தது, கத்தியில் கீறல் மட்டும் விழுந்தது. வடசேரிக் கத்தியில் அரை நிமிஷத்தில் துளை விழுந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மலிவுக் கத்தி என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். இரும்பு மெத்தென்று இருப்பதால்தான் அதைத் திருத்த முடிகிறது. தீட்டினால் நிமிஷத்தில் கூராகிறது. கெட்டியான கத்தி தான் இருக்கிறபடியேதான் இருக்கும்.

பின்னுக்குச் சைக்கிள் சக்கரத்தின் கம்பி ஒரு துண்டு போதும். ஒரு நுனியை வளைத்துக் காது மாதிரி ஆக்கி, சிவப்பு நூலால் பிடியில் கட்டிவிட்டேன். சருகில் விழுந்தாலும் சிவப்பு தெரியும். "காது குத்தியாச்சு, கம்மலும் போட்டாச்சு, இனி பொண்ணு பாக்க வருவினும்" என்றார் பட்டறைக்காரர்.

அவளுக்காக இன்னும் இரண்டு செய்தேன். அந்த விரல் மடங்காது, நேராகவே நிற்கும். மடங்காத விரலை மடக்கிப் பிடிக்கச் சொன்னால் எப்படி? அது நேராக நிற்பதற்கே ஓர் இடம் வேண்டும். அலகின் முதுகை அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன், விரலை அதன் மேலே நீளவாக்கில் வைத்து அழுத்தலாம். பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன், மற்ற மூன்று விரலுக்கும் பிடி கிடைக்க. பிறகு ஒரு மாதம் நானே அதை வைத்து நாற்று வெட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட மடங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. அவள் வராந்தாவில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியைப் பக்கத்தில் வைத்தேன். உடனே எடுக்கவில்லை. பயறு முடிந்த பிறகு எடுத்தாள். திறந்தாள். நேராக நிற்கிற விரலை அலகின் முதுகில் வைத்துப் பார்த்தாள். அது தன் விரலுக்காகச் செய்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்பு நூலைப் பிடித்துப் பின்னைத் துளைக்குள் விட்டாள்.

"இது போகல்ல."

முந்தின நாள் நான் வெட்டிவிட்டுச் சுத்தம் செய்ய மறந்திருந்தேன். வாங்கி, விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கிலை உருவித் துளைக்குள் விட்டுத் தள்ளினேன். சின்னதாக ஒரு ரப்பர் உருண்டை தரையில் விழுந்தது. பின் இறங்கியது. அவள் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இத்துனூண்டா?"

"இத்துனூண்டுதான். இது உள்ள கெடந்தா முழுசாத் தொறக்காது. தொறந்தது மாதிரி இருக்கும்."

"அப்பம் அன்னைக்கும்?"

"அன்னைக்கும் இதுதான்."

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கிறபோது எனக்குப் பயமாக இருக்கும், ஏனென்றால் சரியான இடத்துக்குத்தான் வருவாள்.

"இல்ல. அதுக்கு முன்ன வரைக்கும் நல்ல இறுக்கம். நகம் போகும். அன்னைக்கு மட்டும் வெண்ணெ மாதிரி தொறந்துது. ஜெபம் பண்ணாம வந்ததுக்கு இப்படி லேசாத் தொறக்குதேன்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது."

"எண்ண போட்டிருந்துது."

"யாரு?"

"நான்தான். விடியக்காலம். நீ அடுப்பாங்கரையில நின்னப்பம். ஒனக்கு நகம் வலிக்குதுன்னு பறஞ்சியே. அதுக்கு."

சொல்லி முடித்துவிட்டேன். நாலு வருஷம் தூக்கிச் சுமந்தது நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. அவள் உருண்டையைத் தரையில் வைத்தாள். கத்தியை மூடினாள், பின்னை எடுத்த பிறகு மூட வேண்டும் என்பதுகூட அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நாலு வருஷம் நான் மன்னிப்புக் கேக்கும்போது பக்கத்துல இருந்து ஆமென் சொன்னீங்க," என்றாள். "சத்தமா வேற சொன்னீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், உப்பு வேண்டுமா என்று மகளிடம் சொல்லிக் கேட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். நான் வாசித்தேன். அவள் ஜெபித்தாள். ஊருக்காக ஜெபித்தாள், நோயாளிகளுக்காக ஜெபித்தாள். பிறகு அந்த வரி வருகிற இடம் வந்தது. நிறுத்தினாள். ஒரு மூச்சு விடுகிற நேரம். வெளியே நாற்றுப் பைகளில் பனிநீர் சொட்டுவது கேட்டது. பிறகு மகளுடைய படிப்புக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள். அந்த வரி வரவில்லை. அன்றைக்குப் பிறகு இந்நாள்வரை வரவில்லை.

முடிக்கிற இடத்தில் அவள் முடிக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "இனி நீங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் ஜெபிப்பது அவள்தான் என்று சொன்னேன் அல்லவா. எனக்கு அலங்காரமாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, கத்தியில எண்ண போட்டது நான். சொல்லாம இருந்ததும் நான். இவ மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

"ஆமென்," என்றாள் அவள். சத்தமாகவே சொன்னாள்.

அன்றைக்கு ஞாயிறு, வேலை கிடையாது. திங்கட்கிழமை காலை ஜெபம் முழுவதும் முடித்து, சாயா குடித்து, கூடையை எடுத்துக்கொண்டு நாற்றுக்குப் போனாள். கூடையில் கத்தி இருந்தது. நான் கூடவே வரவா என்று கேட்டதற்கு, "நாடா சுத்தாண்டாமா? பின்ன யாரு வருவா?" என்றாள். அன்றைக்குப் பதினொரு நாற்று வெட்டினாள். முன்பு அரைமணி நேரத்தில் வெட்டுகிற கணக்கு அது, அன்றைக்கு மத்தியானம் ஆயிற்று. ஒவ்வொரு நாற்றுக்கும் முன்னால் பின்னை எடுத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். மூன்று வாரம் கழித்து நாடாவைப் பிரிக்கும்போது அவளே வந்து உட்கார்ந்தாள். ஒன்பது பச்சை, இரண்டு கறுப்பு. கறுத்த இரண்டையும் காட்டி, "இது நீங்க சரியாச் சுத்தாதது" என்றாள். இருக்கலாம்.

இப்போது பக்கத்து நாற்றுக்காரர்கள் பலரிடம் இந்தக் கத்திதான். அவர்களே வடசேரியில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், பட்டறைக்காரர் துளை போடுகிறார். யாராவது கத்தியோடு வந்தால், "காது குத்துக்கா? கம்மல் கொண்டுவந்தியா?" என்பார். எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் கதை போகிற போக்குதான் சரியில்லை.

போன வருஷம் அறுப்பின் பண்டிகையில் சபையில் பெரியவர் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்து, என்னைக் காட்டி, இந்தச் சகோதரனுடைய மனைவியின் விரலுக்காக இவர் கோயிலுக்குள் கண்ணீரோடு காத்திருந்தார், அப்போது அந்தக் கத்தி இவருக்குத் தரிசனமாகக் காட்டப்பட்டது என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒரு சாயாத் தட்டு என் கையில் இருக்கிற மாதிரி இருந்தது.

எழுந்து நின்றேன். தரிசனம் இல்லை ஐயா, ஜன்னல் அடைத்துக்கொண்டிருந்தேன், சட்டத்தில் குச்சி இருந்தது என்றேன். எண்ணெய் போட்டதையும், நாலு வருஷம் ஆமென் சொன்னதையும் சொன்னேன். எங்களுக்கு நல்லது நினைக்கிற அந்த மூத்த அம்மா ஆராதனை முடிந்து வந்து அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

வெளியே செருப்புப் போடும்போது வயதான ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். காதோடு, "அப்பம் தேங்காயெண்ண வேண்டாம். நல்லெண்ண போடலாமா?" என்று கேட்டார்.

அன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வாயால் சொன்னால் கேட்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்குத் தரிசனம் பிடிக்கிறது. சிலருக்கு எண்ணெய் மட்டும் ஞாபகம் இருக்கிறது. போன மாதம் ஒருத்தி, துளை போட்ட கத்தியில் பின் இறங்கவில்லை என்று எண்ணெய் விட்டு இறக்கப் பார்த்தாளாம். நல்ல காலம், பக்கத்தில் என் வீட்டுக்காரி இருந்தாள்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் நாற்று வைத்திருப்பவர்களுக்கும், மடக்குக்கத்தி பிடித்து வேலை செய்கிற யாருக்கும் இதைக் கொடுங்கள், சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். ஜன்னலைத் தரிசனம் ஆக்க வேண்டாம். என்னை நல்லவனாக்குவதற்காக எண்ணெயை விட்டுவிட வேண்டாம், எண்ணெயை விட்டுவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொருவர் குப்பியை எடுப்பார். ஜெபிக்காமல் எழுந்துபோனதால் கத்தி மடங்கியது என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். கர்த்தர் எங்கள் வீட்டில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். நான் அடைத்து வைத்திருந்த என் வாயை அவர் திறந்தார். அதற்கு அவருக்கு ஒரு ரப்பர் உருண்டை போதுமாக இருந்தது.

மூட்டில் எந்த எண்ணெயும் விடாதீர்கள். வேலை முடிந்ததும் தண்ணீரில் ஊற வைத்து, ஈர்க்கிலால் தள்ளி, துணியால் துடையுங்கள். துருவுக்கு மெழுகுதிரித் துண்டு ஒன்றைத் தேய்த்தால் போதும். பின் போனால் வெட்டுங்கள். போகாவிட்டால் வெட்டாதீர்கள், உள்ளே ஏதோ இருக்கிறது.